நேராக வாங்கிய குழாய் வில்லாக வளைந்தது ஏன்?

உங்கள் கேள்வியை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். சென்னை பாரிமுனையில் 60 மி.மீ. வெளிவிட்டமும் 4 மி.மீ. சுவரும் உள்ள ஈ.ஆர்.டபிள்யூ குழாய் (தகட்டை வட்டமாக்கி விளிம்பை மின்சாரத்தால் ஒட்டியது) வாங்கி 1200 மி.மீ. நீளத்துக்கு அறுத்தீர்கள். அம்பத்தூரில் ஒரு மில்லிங்காரரிடம் (சுழலும் கட்டரால் உலோகத்தைச் செதுக்குபவர்) கொடுத்து 900 மி.மீ. நீளம், 12 மி.மீ. அகலத்தில் ஒரு ஸ்லாட் (சுவரைத் துளைத்த நீளமான திறப்பு) எடுத்தீர்கள். ஸ்லாட்டுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் 40 மி.மீ. நீளமுள்ள 8 பிராக்கெட்டுகளை இரண்டு ஓரமும் வெல்டு வைத்தீர்கள். கடைசியில் சர்ஃபேஸ் பிளேட்டில் (அளப்பதற்கான சமதளத் தகடு) வைத்துப் பார்த்தால் நடுவில் 4 மி.மீ. வளைவு, பிராக்கெட் பக்கம் குழிந்திருக்கிறது, ஸ்லாட் பக்கம் புடைத்திருக்கிறது. மில்லிங்காரர் வெல்டரைக் கை காட்டுகிறார், வெல்டர் குழாய்க் கடைக்காரரைக் கை காட்டுகிறார். "குழாய் ஏன் வளைந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்த மூன்று பேரில் யாரிடம் காசைப் பிடித்துக்கொள்வது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது.

அதற்கு நேரடிப் பதில்: வளைவில் பெரும்பங்கு வெல்டால் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் அது வெல்டர் செய்த தப்பு என்று சொல்லிவிட முடியாது. மில்லிங் முடிந்து வெல்டிங்குக்குப் போவதற்கு முன் குழாயை யாரும் அளக்கவில்லை. அந்த ஒரு அளவு இல்லாததால் மூன்று பேர் சொல்வதையும் மறுக்க வழியில்லை. லேத்திலும் வெல்டிங் பட்டறையிலுமாக இருபத்தெட்டு வருஷம் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தச் சண்டையில் பாதி நேரம் மூன்று பேருமே நியாயமாக வேலை செய்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

முதலில் குழாயைப் பற்றி. கடையில் பார்த்தபோது நேராக இருந்தது என்கிறீர்கள். எவ்வளவு நேர் என்று பார்த்தீர்களா? கட்டுமானக் குழாய்களுக்கான இந்தியத் தரவிதியே நீளத்தில் அறுநூற்றில் ஒரு பங்கு வளைவை அனுமதிக்கிறது. 1200 மி.மீ. துண்டுக்கு அது 2 மி.மீ. கண்ணுக்கு நேராகத் தெரிகிற, விதிப்படியும் சரியான குழாய் 2 மி.மீ. வளைந்திருக்கலாம் என்று அர்த்தம். இது கூரைக்கும் கேட்டுக்கும் போதும். ஸ்லாட்டில் ஒரு ஸ்லைடு (முன்னும் பின்னும் நகரும் துண்டு) ஓடவேண்டிய வேலைக்குப் போதாது.

அது போக, நேராக இருக்கிற குழாய்க்குள்ளும் இழுபறி உண்டு. பாடப்புத்தகத்தில் இதை எஞ்சிய தகைவு என்பார்கள். பட்டறையில் "ஜாப்ல ஸ்ட்ரெஸ் இருக்கு" என்போம், ஜாப் என்றால் கையில் இருக்கும் வேலைப்பொருள். குழாய் எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். சுருளாக வந்த தகட்டைப் பட்டையாக வெட்டி, வரிசையாக நிற்கும் ரோலர்களுக்குள் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வட்டமாக்குகிறார்கள். இரண்டு விளிம்பும் சந்திக்கும் இடத்தை உயர் அதிர்வெண் மின்சாரத்தால் சூடாக்கி, அழுத்தி ஒட்டவைக்கிறார்கள். வெளியே பிதுங்கிய உலோகத்தைச் சீவிவிட்டு, குளிரவைத்து, அளவு ரோலர்களில் விட்டம் சரிசெய்து, நேராக்கும் ரோலர்களில் நிமிர்த்துகிறார்கள். ஆவடியில் 1955-ல் டியூப் ஆலை வந்த ஊர் இது. பழைய ஆட்களுக்கு இதெல்லாம் பழகிய கதை. ஏறக்குறைய ஒவ்வொரு படியிலும் இரும்பை அது விரும்பாத வடிவத்துக்குக் குளிர்நிலையில் மடக்குகிறோம். விட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். ஒட்டிய தையல் அதைத் திரும்பவிடாது.

திருவிழாவுக்கு நடுகிற உயரமான கம்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டியிருக்கும். கம்பம் நேராக நிற்பது நாலு கயிறும் ஒரே அளவு இழுப்பதால். ஒரு கயிற்றை அறுத்தால் கம்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் சாயும். ஸ்லாட் எடுப்பது கயிறு அறுக்கிற வேலை. வெல்டு வைப்பது புதிதாக ஒரு கயிற்றைக் கட்டி ஒரே பக்கமாக முறுக்குகிற வேலை. உங்கள் குழாய்க்கு இரண்டும் நடந்திருக்கிறது.

இதை நம்பவேண்டாம், நீங்களே பார்க்கலாம். மிச்சத் துண்டு இருக்குமே, அதில் 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு வளையம் அறுங்கள். வெளிவிட்டத்தை மைக்ரோமீட்டரில் நாலு இடத்தில் அளந்து சாக்பீஸில் எழுதிவையுங்கள். வைஸில் லேசாகப் பிடித்து, தையலுக்கு எதிர்ப்பக்கத்தில் ஹாக்ஸா பிளேடால் நெடுக அறுங்கள். அறுத்து முடிகிற கடைசி இழுப்பில் "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம் வரும், பிளேடு கையில் தளர்ந்துபோகும். சில குழாயில் அதற்கு நேர்மாறாக வெட்டு மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். பிறகு விட்டத்தை அளந்தால் மாறியிருக்கும். உங்கள் குழாயைவிடக் கொஞ்சம் சின்னதாக 50 மி.மீ. விட்டம், 3 மி.மீ. சுவர் உள்ள வளையம் அரை மி.மீ. விரிந்தது என்று வையுங்கள். கணக்குப் போட்டால் சுவருக்குள் சுற்றுவாக்கில் ஏறக்குறைய 150 மெகா பாஸ்கல் (இறுக்கத்தை அளக்கும் அலகு) இறுக்கம் இருந்திருக்கிறது. சாதாரண மைல்டு ஸ்டீல் 250-ல் நிரந்தரமாக நெளிய ஆரம்பிக்கும். அதாவது நீங்கள் ஒன்றுமே செய்யாமல் ரேக்கில் படுத்திருக்கும்போதே அந்தக் குழாய் தன் தாங்குதிறனில் பாதிக்கு மேல் செலவழித்துக்கொண்டிருந்தது. இந்தச் சோதனை சுற்றுவாக்கு இறுக்கத்தை மட்டும் காட்டும். வளைவுக்குக் காரணமான நீளவாக்கு இறுக்கத்தை நேராகக் காட்டாது. ஆனாலும் ஒரு லாட் குழாய் அமைதியானதா முரடானதா என்று பிரித்துப் பார்க்க, பத்து நிமிஷத்தில் முடிகிற இதைவிட மலிவான சோதனை எனக்குத் தெரியாது.

இனி மில்லிங். கட்டரின் சூடு குழாயை வளைத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். கூலண்ட் (குளிர்விக்கும் திரவம்) ஓடி, கட்டர் கூராக இருந்தால் அது சின்ன விஷயம். மழுங்கிய கட்டரைப் போட்டுத் தேய்த்தால் மேல்தோல் நசுங்கிப் புது இறுக்கம் சேரும், அது வேறு. முக்கியமாக நடப்பது கயிறு அறுபடுவதுதான். நீங்கள் எடுத்த பட்டையில் இழுவிசை இருந்திருந்தால், அதுவரை அந்தப் பக்கத்தைச் சுருக்கிப் பிடித்திருந்த ஆள் போய்விட்டான். அந்தப் பக்கம் நீண்டு புடைக்கும். அமுக்கம் இருந்திருந்தால் நேர்மாறாகக் குழியும். ஈ.ஆர்.டபிள்யூ குழாயில் தையலை ஒட்டிய பட்டை வழக்கமாக நீளவாக்கில் இழுவிசையில் இருக்கும். ஆகவே மில்லிங்காரர் தற்செயலாகத் தையல்மேலேயே ஸ்லாட்டை எடுத்திருந்தால் ஸ்லாட் பக்கம் புடைத்திருக்கும். உங்கள் குழாயும் ஸ்லாட் பக்கம்தான் புடைத்திருக்கிறது! சிக்கல் இங்கேதான். எதிர்ப்பக்க வெல்டும் அதே திசையில்தான் வளைக்கும். இரண்டு பேர் ஒரே பக்கமாகத் தள்ளிய வண்டியில் யார் எவ்வளவு தள்ளினார் என்று வண்டி நின்ற இடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. தையல் எங்கே இருக்கிறது என்று குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சீவாத கோடு நீளமாகத் தெரியும். அது ஸ்லாட்டில் இல்லாமல் பக்கவாட்டில் இருந்தால் மில்லிங்காரர்மேல் எனக்குள்ள சந்தேகம் பெருமளவு குறையும்.

ஸ்லாட் இன்னொரு கெடுதலும் செய்யும், இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மூடிய குழாய் முறுக்குக்கு அசையாது. அதையே நெடுக முழுநீளம் கீறிவிட்டால் முறுக்கைத் தாங்கும் விறைப்பு உங்கள் அளவுக் குழாயில் சுமார் 150 மடங்கு குறையும். நூற்றைம்பது சதவீதம் என்று படித்துவிடாதீர்கள், மடங்கு. நீங்கள் இரண்டு முனையிலும் 150 மி.மீ. விட்டதால் அவ்வளவு மோசமாகாமல் தப்பியது. முறுக்கிக்கொள்ளாமல் வளைந்ததோடு நின்றதற்கு அந்த முனைகளுக்கு நன்றி சொல்லுங்கள். வளைவைத் தாங்கும் விறைப்பும் இந்த 12 மி.மீ. ஸ்லாட்டால் 15 சதவீதம் போல் குறைந்திருக்கிறது. அப்படிப் பலவீனமான பிறகுதான் குழாய் வெல்டரிடம் வந்தது.

வெல்டு ஏன் இழுக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த மாதிரி இருக்கும், ஆனால் பாதிதான் தெரிந்திருக்கும். "சூட்டில் விரியும், ஆறினால் சுருங்கும், அதனால் வளையும்" என்பார்கள். விரிந்த அளவே சுருங்கினால் பழைய இடத்துக்குத்தானே வரவேண்டும், ஏன் வளைய வேண்டும்? ஸ்டீல் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 0.012 மி.மீ. நீளும், 100 டிகிரிக்கு 1.2 மி.மீ. அதை நீளவிடாமல் இரண்டு சுவருக்கு நடுவில் அசையாமல் பிடித்துக்கொண்டால் உள்ளே 240 மெகா பாஸ்கல் எழும். வெறும் நூறு டிகிரி, தண்ணீர் கொதிக்கிற சூடு, அதற்கே ஏறக்குறைய நெளியும் எல்லைக்கு வந்துவிட்டது. வெல்டுக்குப் பக்கத்தில் ஆயிரத்துக்கு மேல். அந்த இடம் நீளப் பார்க்கிறது; சுற்றிலும் உள்ள குளிர்ந்த இரும்பு விடமாட்டேன் என்கிறது. சூடான இரும்போ களிமண் மாதிரி இளகியிருக்கிறது. நீள முடியாததால் தடித்துக்கொள்கிறது. இப்போது ஆறும்போது அது முழு அளவுக்குச் சுருங்குகிறது, ஆனால் தொடங்கிய நீளமே குறைந்துபோயிருக்கிறது. துவைத்த சட்டையில் ஒரு பட்டை மட்டும் சுருங்கினால் எப்படி இழுத்துப் பிடிக்குமோ அப்படி. வெல்டு வைத்த பக்கம் குழியும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு பக்கம் மட்டும் வெல்டு வைத்த குழாயில் அந்தப் பக்கம் புடைத்திருந்தால் காரணம் வேறெங்கோ இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

எவ்வளவு குழியும்? ஒரு பழைய கைக்கணக்கு உண்டு: வளைவு என்பது வெல்டின் குறுக்குப் பரப்பு, குழாயின் நடு அச்சிலிருந்து வெல்டு இருக்கும் தூரம், நீளத்தின் வர்க்கம் மூன்றையும் பெருக்கி, குழாயின் வளைவு விறைப்பைத் தீர்மானிக்கிற குறுக்குவெட்டு அளவால் (மொமெண்ட் ஆஃப் இனர்ஷியா) வகுத்து, 0.005-ஆல் பெருக்கினால் வருவது. விட்டுவிட்டு வைத்த வெல்டு என்பதால் அந்த விகிதத்தில் குறைத்துக்கொண்டேன். ஸ்லாட் எடுத்த உங்கள் குழாய்க்கு, 4 மி.மீ. கால் உள்ள ஃபில்லட் (மூலையில் வைக்கும் முக்கோண வெல்டு, கால் என்பது அதன் பக்க அளவு) என்றால் 4 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக வருகிறது. 6 மி.மீ. கால் என்றால் 8-க்கு மேல் வருகிறது. தசமத்தை நம்பாதீர்கள், இந்தக் கணக்கு முன்னும் பின்னும் பாதி தவறலாம். ஆனால் வெல்டு ஒன்றாலேயே 4 மி.மீ. வளைவு வந்துவிட முடியும் என்பதைக் காட்டிவிடுகிறது. உங்கள் வெல்டர் பெரிதாக அள்ளிப்போடாத, கை அடக்கமான ஆள் என்றும் தோன்றுகிறது. 4 மி.மீ. காலுக்கும் 6 மி.மீ. காலுக்கும் பார்வைக்கு வித்தியாசம் கொஞ்சம்தான். உள்ளே போகிற உலோகம் 8 சதுர மி.மீ.யிலிருந்து 18-ஆகிறது. "கொஞ்சம் தாராளமா வைப்பா, உடைஞ்சிடப் போகுது" என்று நின்று சொல்கிற முதலாளிகள்தான் பாதிக் குழாயை வளைக்கிறவர்கள். 4 மி.மீ. சுவருக்கு 4 மி.மீ. காலே தாராளம்.

எந்த வெல்டு நல்லது என்ற கேள்விக்கு ஒரு சின்னத் திருத்தம். டிக் (டங்ஸ்டன் முனையால் உருக்குகிற வெல்டிங்) வைத்தால் வளையாது என்று ஒரு நம்பிக்கை ஓடிக்கொண்டிருக்கிறது. டிக் அழகாக வரும், உண்மை. ஆனால் கை மெதுவாக நகர்வதால் ஒரு மி.மீ. நீளத்துக்குள் போகிற மொத்தச் சூடு கூடிவிடலாம். கணக்கு எளிது: வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கி, 60-ஆல் பெருக்கி, நிமிஷத்துக்கு எத்தனை மி.மீ. நகர்கிறீர்களோ அதன் ஆயிரம் மடங்கால் வகுத்தால் மி.மீ.க்கு இத்தனை கிலோ ஜூல். ராடு வெல்டிங்கில் 24 வோல்ட், 110 ஆம்பியர், நிமிஷத்துக்கு 150 மி.மீ. வேகம் என்றால் 1 கிலோ ஜூலுக்குச் சற்று மேல். மிக்கில் (கம்பி தானாக ஓடிவருகிற வெல்டிங்) 20 வோல்ட், 150 ஆம்பியர், 350 மி.மீ. வேகம் என்றால் அரை கிலோ ஜூல்தான். ஆம்பியர் கூடியும் சூடு பாதி. வேகம்தான் காப்பாற்றுகிறது. இந்த வேலையை மிக்கில் செய்யச் சொல்வேன்.

இதற்கு நடுவில் ஒரு கிளைக்கதை, ஏனென்றால் அளக்காமல் சண்டை போடுவது போலவே தப்பாக அளந்து சண்டை போடுவதும் உண்டு. நான் டர்னராக இருந்த பட்டறையில் ஒன்றரை மீட்டர் குழாய் ஒன்றைக் காலையில் டயல் அடித்து (வளைவை முள்ளால் காட்டும் கேஜை ஓடவிட்டு) பார்த்து ஓகே என்று எழுதினோம். மத்தியானம் வாடிக்கையாளரின் ஆள் வந்து அதே குழாயை அளந்து அரை மி.மீ.க்கு மேல் வளைவு என்றார். கத்தல். சாயங்காலம் மறுபடி அளந்தால் ஓகே. குழாய் ரோலிங் ஷட்டர் பக்கத்தில் வீ பிளாக்கில் (குழாய் உருளாமல் தாங்கும் கட்டை) கிடந்தது. மேல்பாதியில் மட்டும் சித்திரை வெயில். மேல்பக்கம் கீழ்ப்பக்கத்தைவிடப் பத்து டிகிரி கூடச் சூடானால், 50 மி.மீ. விட்டமுள்ள ஒன்றரை மீட்டர் குழாய் 0.7 மி.மீ. போல வில்லாக மேலெழும்பும். ஒரே சீராகச் சூடானால் நீளம் கூடுமே தவிர வளையாது. சென்னையில் குழாயை அளக்கிறவர்கள் முதலில் வெயில் எங்கே விழுகிறது என்று பார்க்கவேண்டும். வெல்டு வைத்த ஜாபைக் கையால் தொட்டுச் சூடு தெரிகிறவரை அளப்பதே வீண்.

  

அடுத்த தடவைக்கு என்ன செய்யலாம் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: வரிசையை மாற்றுங்கள். முதலில் வெல்டு, பிறகு நிமிர்த்தல், கடைசியில் ஸ்லாட். மூடிய குழாயாக இருக்கும்போது வெல்டு வைத்தால் விறைப்பு முழுசாக இருக்கும், முறுக்கவும் முறுக்காது. பிறகு ஸ்லாட்டை ஒரே மூச்சில் எடுக்காமல் 200 மி.மீ.க்கு ஒரு முறை 5 மி.மீ. பாலம் விட்டு எடுங்கள். அகலத்தில் பக்கத்துக்கு அரை மி.மீ. மிச்சம் வையுங்கள். கிளாம்பைத் தளர்த்தி அது போக விரும்பும் இடத்துக்குப் போகவிடுங்கள். மறுபடி அழுத்தாமல், இடுக்கு இருந்தால் ஷிம் (மெல்லிய தகடு) கொடுத்து, லேசாகப் பிடித்துப் பாலங்களை வெட்டி அளவுக்கு முடியுங்கள். மில்லிங்காரர் முணுமுணுப்பார், இரண்டு செட்டிங் ஆகிறது. அந்தக் கூலியைக் கொடுங்கள். குழாயைத் திருப்பி வைக்கும்போது தையல் ஸ்லாட்டிலும் வராமல் பிராக்கெட்டிலும் வராமல் பக்கவாட்டில் வரும்படி மார்க் பண்ணிக் கொடுங்கள். அங்கே இருந்தால் மேலும் கீழும் வளைக்க அதற்குக் கை நீளாது.

வெல்டரிடம் சொல்லவேண்டியது: எல்லாப் பிராக்கெட்டையும் முதலில் டேக் (பிடித்து நிற்க வைக்கும் சின்னப் பொட்டு வெல்டு) போட்டு முடித்துவிட்டு, நடுவிலிருந்து தொடங்கி இடது, வலது என்று மாறி மாறி வெளியே போகவேண்டும். ஒரு பிராக்கெட்டின் இரண்டு ஓரத்தையும் அடுத்தடுத்து முடிக்கவேண்டாம். ஒரு ஜோடி ஜாப் இருந்தால் இரண்டு குழாயையும் முதுகோடு முதுகு சேர்த்து, பிராக்கெட் பக்கங்கள் வெளியே பார்க்கும்படி வைத்து, நடுவில் ஒரு ஷிம் தகடு செருகி, முனைகளைக் கிளாம்பில் இறுக்குங்கள். இரண்டுமே வெல்டு இழுக்கப்போகும் திசைக்கு எதிராக முன்கூட்டியே வளைந்திருக்கும். மாறி மாறி வெல்டு வைத்து, முழுசாக ஆறிய பிறகு கழற்றினால் இரண்டும் நேருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஷிம் எவ்வளவு தடிமன் என்பதை முதல் ஜோடிதான் சொல்லும். எந்தக் கணக்கும் அதைச் சரியாகச் சொல்லாது. ஃபிக்ஸ்சரில் (அசையாமல் பிடிக்கும் சட்டம்) பிடித்து வெல்டு வைத்தால் வளையவே வளையாது என்பதையும் முழுசாக நம்பவேண்டாம். வளைவு குறையும், ஆனால் இறுக்கம் உள்ளே தங்கும். பிறகு ஸ்லாட் எடுக்கும்போது வெளியே வரும்.

சூட்டைத் தணிக்க ஈரத்துணி போடுகிற பழக்கம் நம்மூரில் உண்டு. குழாய் குறைந்த கார்பன் ஸ்டீல், அதற்குப் பெரிய கேடில்லை. பிராக்கெட் ஈ.என்.8 மாதிரி கார்பன் கூடியதாக இருந்தால் வெல்டு ஓரம் கடினமாகி விரிசல் விடும். பிராக்கெட் என்ன மெட்டீரியல் என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் போடாதீர்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

ஸ்ட்ரெஸ் ரிலீவிங் (சூடாக்கி ஆறவிட்டு உள் இறுக்கத்தைத் தணிப்பது) செய்தால் எல்லாம் தீருமா என்று கேட்டிருந்தீர்கள். 600 முதல் 650 டிகிரிக்கு மெதுவாக ஏற்றி, 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் நிறுத்தி (உங்கள் 4 மி.மீ. சுவருக்கும் ஒரு மணி நேரம் வைப்பார்கள்), ஃபர்னேஸிலேயே ஆறவிட்டால் உள் இறுக்கத்தில் பெரும்பகுதி போய்விடும். இது உறுதி. ஆனால் அது வளைந்த குழாயை நிமிர்த்தாது. வளைந்த நிலையிலேயே அமைதியாக்கிவிடும். ஆகவே அதன் இடம் வெல்டுக்கும் கடைசி மெஷினிங்குக்கும் நடுவில். ஃபர்னேஸில் இரண்டு முனையில் மட்டும் தாங்கல் கொடுத்தால் தன் எடையிலேயே தொய்ந்து புது வளைவோடு வரும். குளிர்நிலையில் இழுத்த சி.டி.டபிள்யூ குழாயாக இருந்தால் அந்தச் சூட்டில் அதன் வலிமையும் குறைந்துவிடும். இரண்டு முனையும் அடைத்த குழாயை ஃபர்னேஸில் வைப்பதாக இருந்தால் கட்டாயம் ஒரு காற்றுத் துளை போடுங்கள். உள்ளே கூலண்ட் சிக்கியிருந்தால் அது வெடிகுண்டு. ஆட்டி ஆட்டி ஸ்ட்ரெஸ் எடுக்கும் வைப்ரேஷன் மெஷினைப் பற்றிச் சிலர் சத்தியம் செய்கிறார்கள், சிலர் சிரிக்கிறார்கள். நான் பார்த்த வரையில் ஒரு ஜாபில் பலன் தெரிந்தது, அடுத்ததில் தெரியவில்லை. உங்கள் அளவு வேலைக்கு அதில் காசு போடச் சொல்லமாட்டேன். ஆறு மாசம் வெளியில் போட்டு வைத்தால் சரியாகிவிடும் என்பது வார்ப்பிரும்பு காலத்துப் பேச்சு. வெல்டு வைத்த ஸ்டீல் குழாயை மழையில் போட்டால் துருதான் கிடைக்கும்.

கையில் இருக்கும் இந்தக் குழாயை என்ன செய்வது? தூக்கிப்போட வேண்டாம். பிரஸ்ஸில் வைத்து அழுத்தினால் ஸ்லாட் நசுங்கும், எனவே தீயால் நிமிர்த்துங்கள். இதை எனக்குக் கற்றுக்கொடுத்த ஃபோர்மேன் ஒரு வளைந்த குழாயின் புடைத்த பக்கத்தில் கேஸ் கட்டர் ஜ்வாலையைக் காட்டச் சொன்னபோது, புடைத்த பக்கத்தையே சூடாக்கினால் இன்னும் புடைக்காதா என்று கேட்டேன். "காட்டு" என்றார். டயல் முள் தப்பான பக்கம் ஓடியது, வளைவு கூடியது. என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு டீ குடிக்கக் கூட்டிப்போனார். திரும்பி வந்தபோது முள் தொடங்கிய இடத்தையும் தாண்டி இந்தப் பக்கம் வந்து நின்றது. வெல்டு எந்த வித்தையால் வளைத்ததோ அதே வித்தை, எதிர்ப்பக்கத்தில்.

உங்கள் குழாயில் புடைத்திருப்பது ஸ்லாட் பக்கம். ஸ்லாட்டின் விளிம்பைச் சூடாக்கவேண்டாம். ஸ்லாட்டுக்கு இரண்டு பக்கமும் 15 மி.மீ. தள்ளி, ஜோடி ஜோடியாக, ரூபாய்க் காசு அளவு இடங்களை, நடுப்பகுதியில் ஒரு ஜோடியில் தொடங்குங்கள். மங்கலான செர்ரிச் சிவப்புக்கு மேல் போகவேண்டாம்; 650 டிகிரியைத் தாண்டக்கூடாது. பட்டறையின் நிழலான மூலையில் செய்தால்தான் அந்த நிறம் கண்ணுக்குத் தெரியும், வெயிலில் கூடுதலாகச் சூடாக்கிவிடுவீர்கள். ஒரு ஜோடி வைத்து, கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகு டயல் அடித்துப் பாருங்கள். எவ்வளவு வந்தது என்று எழுதிக்கொண்டு அடுத்த ஜோடி, 100 மி.மீ. தள்ளி. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சூடாக்கவேண்டாம். 4 மி.மீ.யை முழுசாக எடுக்கப் பார்க்காமல் அரை மி.மீ.க்குள் வந்ததும் நிறுத்துங்கள். பிறகு ஸ்லாட்டின் அகலத்தை 100 மி.மீ.க்கு ஒரு இடம் அளந்துவிட்டு ஸ்லைடை உள்ளே விடுங்கள். நடுவில் பிடித்தால் ஸ்லாட் அங்கே சுருங்கியிருக்கலாம். அதை ஃபைலால் எடுத்துவிடலாம். முனையில் பிடித்தால் வளைவு இன்னும் மிச்சம் இருக்கலாம், டயல் அடித்துப் பார்த்து, இருந்தால் இன்னொரு ஜோடி சூடு வைக்கவேண்டும்.